துப்பாக்கியை அனுப்பியது யார்?

"காலேஜுக்குள்ள போலீஸ் சுடலாமுங்களாண்ணா?" குமாரபாளையத்து டீக்கடையில் ஒரு கல்லூரித் தம்பி கேட்டான். டீ ஆறினாலும் பரவாயில்லை, இதை நிதானமாகத்தான் சொல்லவேண்டும்.

நம் மாநிலத்திலேயே சுட்டிருக்கிறார்கள். 1965 ஜனவரி 27 அன்று சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திரண்ட மாணவர்கள்மீது போலீஸ் சுட்டது. ராசேந்திரன் என்ற மாணவர் இறந்தார். போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளை அவர். அடுத்த மாதம் இதே குமாரபாளையத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம், இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148ஆம் பிரிவு. சாரம் மாறவில்லை. கூட்டத்தைக் கலையச் சொல்லும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கும் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் உண்டு. கலையாவிட்டால் பலத்தால் கலைக்கலாம். எவ்வளவு பலம் என்று அந்தப் பிரிவு அளந்து சொல்லவில்லை. முதலில் எச்சரிக்கை, பிறகு கண்ணீர்ப்புகை, தடியடி, வேறு வழியே இல்லாதபோது தாழக் குறிவைத்துச் சுடுவது என்ற வரிசையெல்லாம் போலீஸ் விதிகளில் வருவது. சுட உத்தரவிட்டவர்மீது வழக்கு நடத்த 151ஆம் பிரிவின்படி அரசின் அனுமதி வேண்டும். யாருடைய போலீஸ் சுட்டதோ அந்த அரசிடமே அனுமதி கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அமெரிக்காவைப் பார். வியட்நாம் போரைக் கம்போடியாவுக்கும் விரித்தார் அதிபர் நிக்சன். எதிர்த்துக் கூடிய மாணவர்கள்மீது 1970 மே 4 அன்று ஒஹாயோ மாநிலத்தின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படை சுட்டது. 13 விநாடிகளில் அறுபதுக்கு மேற்பட்ட குண்டுகள். 4 பேர் செத்தார்கள், 9 பேருக்குக் காயம். செத்தவர்களில் இருவர் போராட்டத்திலேயே இல்லை. இரண்டு வாரத்துக்குள் ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியில் போலீஸ் சுட்டு இன்னும் இருவர் இறந்தார்கள்.

அதிபர் அமைத்த விசாரணைக் குழுவே கென்ட் ஸ்டேட் சூட்டை நியாயப்படுத்த முடியாது என்றது. மாணவர்களை எதிர்கொள்ளப் போகும் படையினருக்கு, குண்டு நிரப்பிய துப்பாக்கியை வழக்கமாகக் கொடுத்தனுப்புவது அதோடு நிற்கவேண்டும் என்றும் எழுதியது. எனக்கு முக்கியம் இந்த இடம்தான், தம்பி. கல்லெறிந்தது யார் என்றே எல்லோரும் விசாரிக்கிறார்கள். துப்பாக்கியை அங்கே அனுப்பலாம் என்று முந்தைய இரவே முடிவெடுத்தவரை யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை.

துப்பாக்கி இல்லாமல் நம் மாநிலத்திலேயே நடந்த போராட்டமும் உண்டு. 2013 மார்ச்சில் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் ஈழப்போர்க் குற்றங்களுக்கு விசாரணை கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். அது தமிழகமெங்கும் பரவியது. அரசு கல்லூரிகளை மூடியது, போராட்டம் அதன் பிறகும் நடந்தது. யாரும் சுடவில்லை.