இரண்டு கையெழுத்துப் பிரதிகள்

ருஷ்யாவில் வாஸிலி கிராஸ்மன் என்றொரு நாவலாசிரியர் இருந்தார். 1941-இல் ஜெர்மானியர் படையெடுத்தபோது, செஞ்சேனையின் பத்திரிகையான 'செந்தாரகை'க்கு யுத்த நிருபராகப் போனார். ஸ்டாலின்கிராட் போரைச் சிப்பாய்களோடு கூடவே இருந்து எழுதி அனுப்பினார். யூத குலத்தவரான அவருடைய தாயாரை, பெர்டிசேவ் என்னும் சொந்த ஊரிலேயே ஜெர்மானியர் கொன்றுவிட்டார்கள். கண்டதையும் இழந்ததையும் 'வாழ்வும் விதியும்' என்ற பெரிய நாவலாக்கினார். 1961-இல் ரகசியப் போலீஸார் வந்து கையெழுத்துப் பிரதியோடு டைப்ரைட்டர் நாடாவையுங்கூட எடுத்துச் சென்றனர்! 1964-இல் அவர் காலமானார். நண்பர்கள் ஒளித்துவைத்த பிரதி 1980-இல்தான் ஸ்விட்ஸர்லாந்தில் அச்சேறிற்று.

இந்தச் சரித்திரத்தைப் படிக்கையில் நம்மவர் ஒருவர் ஞாபகத்துக்கு வருகிறார். சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்த ப. சிங்காரம் அவர். யுத்த நிருபர் அல்லர். பிழைப்புக்காக 1938-இல் ஸுமத்ராவிலுள்ள மெடான் நகரத்து வட்டிக்கடைக்குக் கப்பலேறிய பிள்ளையாண்டான். யுத்தம் அவரைத் தேடிக்கொண்டு அங்கே வந்தது. அந்நாட்டிலேயே பிரசவத்தில் மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்தார். 1946-இல் தாயகம் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி'யில் சேர்ந்து, 1987 வரை செய்திகளோடு மல்லாடினார். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

அவருடைய 'புயலிலே ஒரு தோணி' 1942-இல் ஜப்பானியர் மெடானுக்குள் புகுவதிலே தொடங்குகிறது. கொள்ளையடித்தவர்களின் வெட்டுண்ட தலைகள் மேஜைமேல் வைக்கப்பட்டிருக்கும் காட்சியை ஒருமுறை படித்தவர் மறப்பது அரிது. கதாநாயகன் பாண்டியன் வட்டிக்கடை ஆள்; நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேருகிறான்; பிறகு டச்சுக்காரரை எதிர்க்கும் இந்தோனேஷியக் கெரில்லாக்களோடு சேர்ந்து மடிகிறான். இத்தனைக்கும் நடுவில் அவன் மனம் மதுரைத் தெருக்களையும் ஊர்ச் சந்தையையும் சுற்றிச் சுற்றி வருகிறது. பழம்பெருமை பேசிப் பொழுது போக்கும் தமிழருக்கு ஆசிரியர் வைக்கும் குட்டு சற்று வலிக்கத்தான் செய்யும். எனக்கும் வலித்தது.

முதல் நாவலான 'கடலுக்கு அப்பால்' 'கலைமகள்' பரிசு பெற்றும், 1959-இல்தான் புத்தகமாயிற்று. 1962-இல் எழுதிய 'தோணி' கரை சேர்ந்ததோ 1972-இல். இங்கே எந்தப் போலீஸாரும் வந்து பிரதியைப் பறிமுதல் செய்யவில்லை. பத்து வருஷம் வெறுமனே கிடந்தது; அவ்வளவுதான். மூன்றாவது நாவலை அவர் எழுதவே இல்லை. கிராஸ்மனைத் தடுத்தவர்கள் இன்னாரென்று சொல்லிவிடலாம். சிங்காரத்தைத் தடுத்தவர்கள் யாரென்று தேடப்புகுந்தால், புத்தகம் வாங்காத நம் வீடுகளில் வந்து நிற்க வேண்டியதாகும்.

மதுரை வாலிபர் கிறிஸ்தவ சங்க விடுதியில் தனி அறையிலே பல்லாண்டுகள் வாழ்ந்த அவர், 1997 டிஸம்பரில் மறைந்தார். வாழ்நாள் சேமிப்பை ஏழை மாணவரின் படிப்புக்கென்று முன்னரே கொடுத்துவிட்டிருந்தார்.