நிர்வாகியை நிறுக்கும் தராசு

கோப்பை கிடைத்தால் மாலை, கிடைக்காவிடில் வசை. விளையாட்டு அபிமானிகள் நிர்வாகிகளுக்கு வழங்கும் தீர்ப்பு பெரும்பாலும் இவ்வளவே. இது நியாயமாகாது என்பது நமது துணிபு. அமெரிக்காவிலும் கனடாவிலும் பனித்தரையில் நடைபெறும் தேசீய ஹாக்கி லீகில் 32 அணிகள் இருக்கின்றன. ஸ்டான்லி கோப்பையோ ஒன்றுதான். ஆண்டுதோறும் 31 நிர்வாகிகளைத் திறமையற்றவர் என்று தள்ளிவிடுவது அறிவுடைமையா?

ஜெனரல் மானேஜர் மட்டை பிடிப்பவரல்லர். இளைஞர்களைத் தேர்ந்தெடுப்பதும், ஆட்டக்காரர்களைப் பிற அணிகளுடன் மாற்றிக்கொள்வதும், சம்பள ஒப்பந்தம் செய்வதும், பயிற்சியாளரை நியமிப்பதுமே அவர் பணி. விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் மற்றொருவர் என்பது இத்தொழிலில் சர்வ சாதாரணம்.

ஸ்டீவ் ஐசர்மன் 2010-ல் டாம்பா பே அணியின் பொறுப்பை ஏற்றார். ஸ்டாம்கோஸும் ஹெட்மனும் முன்னவர் வைத்துச் சென்ற செல்வம். குச்செரோவை 2011-ல் 58-வது இடத்திலும், பாயிண்டை 2014-ல் 79-வது இடத்திலும் பொறுக்கியெடுத்தது இவர் காலத்துச் சாதனை. 2018-ல் அவர் விலகினார். கோப்பைகள் வந்தது 2020-லும் 2021-லும். அப்புகழ் முழுவதும் பின்வந்த ஜூலியன் பிரிஸ்பவாவையே சேருமா? சேராது. ஆயினும் 2020-ல் கோல்மனையும் குட்ரோவையும் கொணர்ந்து குறையை நிரப்பியவர் அவரே. அவருக்குரிய பங்கையும் மறுத்தலாகாது.

அதிர்ஷ்டத்தையும் கழித்துப் பார்த்தல் வேண்டும். 2015-ல் குலுக்கலில் முதலிடம் எட்மண்டனுக்கு விழுந்தது, மக்டேவிட் கிடைத்தார். சில தினங்களுக்குப் பின் நியமனம் பெற்ற நிர்வாகிக்கு அதில் என்ன பெருமை? அதே ஐசர்மன் 2019-ல் டெட்ராய்ட் சென்றார். 2020-ல் அவ்வணி கடைசி இடத்தில் நின்றும், குலுக்கலில் நான்காவது இடமே வாய்த்தது. எனினும் 2025 வரை ஆறு பருவங்கள் தொடர்ந்து கோப்பைச் சுற்றுக்கு அவ்வணி தகுதி பெறாததற்கு அதிர்ஷ்டம் ஒன்றையே காரணம் சொல்ல இயலாது. பழைய புகழ் புதிய கணக்கை அடைத்துவிடாது.

காலத்தின் விதிகளையும் நோக்குவோம். மாண்ட்ரியல் அணியின் சாம் பொல்லாக் 1964 முதல் 1978 வரை ஒன்பது கோப்பைகள் வென்றார். அக்காலத்தில் சம்பளத்திற்கு உச்சவரம்பில்லை. அது 2005-ல் 3 கோடியே 90 லட்சம் டாலராக முதலில் விதிக்கப்பட்டது. அதன்பின், ஒருவருக்கு மிகையாகக் கொடுத்த நீண்டகால ஒப்பந்தம் பத்துப் பேருக்கு இடமில்லாமல் செய்துவிடும்.

ஆகவே நாம் கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு: பெற்றது என்ன? கையிலிருந்த சாதனம் என்ன? முடிவு செய்த நாளில் அறியக்கூடியதாயிருந்தது என்ன? விட்டுச் செல்வது என்ன? தோல்வி கண்ட மறுநாளே தலையை உருட்டுவோர் இவற்றுள் ஒன்றையும் கேட்பதில்லை. 2019-ல் 62 வெற்றிகளுக்குப் பின் முதற்சுற்றிலேயே நான்கு ஆட்டங்களிலும் வீழ்ந்தது டாம்பா. அன்று நிர்வாகியையும் பயிற்சியாளரையும் விரட்டியிருந்தால், மறு ஆண்டுக் கோப்பை யார் கைக்குப் போயிருக்குமோ! பொறுமையும் கணக்கும் சேர்ந்ததே நீதி.