சீரத்தில் முளைவிடும் ஈஸ்ட்

நம் வாயிலும் குடலிலும் சாதுவாகக் குடியிருக்கும் கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட்டைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அதை ரத்தத்தில் இறக்கிவிடுவோம்.

நுண்ணுயிரியல் ஆய்வகங்களில் 'ஜெர்ம் டியூப் டெஸ்ட்' என்று ஒன்று உண்டு. ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவமான சீரத்தில் அரை மில்லி எடுத்து, அதில் ஈஸ்ட்டைத் துளியளவு கலந்து 37 டிகிரி வெப்பத்தில் வைப்பார்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், உருண்டை செல்களிலிருந்து பச்சைப்பயறு முளைவிட்டதுபோலக் குழாய்கள் நீண்டிருக்கும். அப்படி நீண்டால் பெரும்பாலும் அது ஆல்பிகன்ஸ்தான். கிளேர் டாஷ்ஜியன் குழு 1960இல் வெளியிட்ட இந்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பைசா செலவில்லாத பரிசோதனைகளுக்கு ஆயுசு கெட்டி!

அந்த முளைதான் இழையாக வளர்ந்து திசுவைத் துளைக்கிறது. சரி, ரத்தத்தில் எது அதைத் தூண்டுகிறது? ரத்தம் என்றாலே புரதம் நினைவுக்கு வருவதால், புரதத்தின் மீதுதான் எனக்கும் முதலில் சந்தேகம் வந்திருக்கும். ஆனால் பெரிய மூலக்கூறுகளை வடிகட்டி நீக்கிய சீரத்திலும் ஈஸ்ட் முளைத்தது. 2008இல் சிங்கப்பூரில் வாங் யூ குழு ஒரு விடை சொன்னது. பாக்டீரியாக்களின் செல்சுவரிலிருந்து உதிரும் நுண்ணிய துணுக்குகள் நம் சீரத்தில் மிதக்கின்றன; ஈஸ்ட்டுக்குள் இருக்கும் ஒரு நொதி அவற்றை உணர்ந்து உருமாற்றத்தைத் தொடங்கிவைக்கிறது. சீரத்தில் உள்ள குளுக்கோஸுக்கும் இதில் பங்குண்டு.

புரதங்களின் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இழையாக மாறிய கேண்டிடா ஒரு நஞ்சைச் சுரக்கிறது. பெயர் கேண்டிடாலைசின். வெறும் 31 அமினோ அமிலங்கள் கொண்டது. நம் செல்களின் சவ்வில் ஓட்டை போடும். லண்டன் கிங்ஸ் கல்லூரியினரும் ஜெர்மனியின் ஜேனா நகர ஆய்வாளர்களும் சேர்ந்து 2016இல்தான் இதைக் கண்டறிந்தார்கள். தண்ணீரோடு ஒட்டாத பகுதிகள் உள்ள நஞ்சு இது. அங்கேதான் ஆல்புமின் குறுக்கிடுகிறது. கல்லீரல் தயாரிக்கும் இந்தப் புரதம் ஒரு லிட்டர் ரத்த சீரத்தில் 35 முதல் 50 கிராம் வரை இருக்கும். கொழுப்பு அமிலங்களையும் மருந்துகளையும் சுமந்து திரிவது அதன் அன்றாடப் பிழைப்பு. கேண்டிடாலைசினையும் அதேபோலப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது என்று 2021இல் ஜேனா ஆய்வாளர்கள் காட்டினார்கள். தேனீ விஷத்தில் உள்ள மெலிட்டினையும் அது இப்படி அடக்கியது.

ஈஸ்ட்டும் சும்மா இருப்பதில்லை. புரதத்தை வெட்டும் நொதிகளைச் சுரந்து, அதே ஆல்புமினை நைட்ரஜனுக்காகத் தின்கிறது. நம் செல்களை நம்முடைய நோய் எதிர்ப்பு அமைப்பே தாக்கிவிடாமல் காக்கும் 'ஃபேக்டர் ஹெச்' என்ற புரதத்தைத் தன் மேல் ஒட்டிக்கொண்டு தப்பிக்கப் பார்க்கிறது. ஹீமோகுளோபினிலிருந்து இரும்புச் சத்தை உருவுகிறது.

ஆல்புமின் நஞ்சை அடக்கும் என்றால், பூஞ்சைத் தொற்று வந்தவருக்கு ஆல்புமின் ஏற்றிவிட்டால் போதுமா? அவசரப்பட வேண்டாம். கேண்டிடா கிளாப்ரேட்டா என்று ஒரு பங்காளி இருக்கிறது. இழையும் விடாது, கேண்டிடாலைசினும் சுரக்காது. பெண்ணுறுப்பின் உட்பரப்புச் செல்களோடு அதை வளர்த்துப் பார்த்தபோது, ஆல்புமின் இருந்தால் சேதம் கூடியது. ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மாத்திரைக்கு எளிதில் மசியாத அந்த கிளாப்ரேட்டாவை அடுத்த வாரம் பார்ப்போம்.