இங்வர், இஞ்சிவேர்: ஒலியொப்புமையும் சொல்வரலாறும்

இஞ்சியைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லாகிய 'இங்வர்', 'இஞ்சிவேர்' என்பதன் நேரடிக் கடன் என்று பலரும் எடுத்துக்காட்டுவர். மூலம் திராவிடமே, நேரடிக் கடன் என்பதுதான் பொருந்தாது. பழைய உயர் ஜெர்மனில் இதன் வடிவம் 'கிங்கிபெரோ'. இடைக்காலத்து 'இங்கெவெர்' என்னும் வடிவத்திலேயே முதல் மெய் கெட்டது. இலத்தீன் வழியாக வந்த இச்சொல்லுக்குக் கிரேக்க 'ஸிங்கிபெரிஸ்', பாலியின் 'சிங்கிவேர' என்பன முன்வடிவங்கள். வடமொழிச் 'சிருங்கவேர' என்பதோ கொம்பு என்னும் பொருளை ஏற்றித் திருத்திக்கொண்ட வடிவம்.

பாலியின் முதற் சகரம் எங்கிருந்து வந்தது? சிறகு இறகு எனவும், சிப்பி இப்பி எனவும் நிற்பது போலத் தமிழில் சொன்முதற் சகரம் கெடுவதுண்டு. ஆகவே தொல்வடிவம் 'சிங்கிவேர்' என மீட்டுருவாக்கப்பெறுகிறது. சகரம் கெட்டு, இகரத்தின் முன் நின்ற ககரம் அண்ணச்சாயல் பெற, 'இஞ்சி' ஆயிற்று. இன்று கிருஷ்ணன்கோவில் கடைத்தெருவில் 'இஞ்சி' என்றாலே போதும், 'வேர்' சேர்ப்பாரில்லை. அவ்வேர் 'இங்வர்' என்பதன் ஈற்றில் நிற்கிறது.

தமிழ் தன் முதலொலியை இழந்ததும் ஜெர்மன் பன்னூற்றாண்டுகளுக்குப் பின் இழந்ததும் தொடர்பற்ற இரு நிகழ்ச்சிகள். இவ்விரண்டும் சேர்ந்தே அந்த ஒப்புமையைத் தோற்றுவித்தன. ஒரே மூலத்திலிருந்து வந்த ஆங்கில 'ஜிஞ்சர்' தன் முதல் மெய்யை இன்னும் இழக்கவில்லை.