தீர்ப்பின்றித் தண்டனை

சிறையிலிருப்போர் யாவரும் குற்றவாளிகள் என்றே எண்ணுகிறோம். 2022 ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளிலிருந்த ஏறத்தாழ 5,73,000 பேரில் நூற்றுக்கு 76 பேர் விசாரணைக் கைதிகள், குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்கள்!

பீகார்ச் சிறைகளில் பலர், சாட்டப்பட்ட குற்றத்திற்குரிய உச்ச தண்டனைக் காலத்தையும் கடந்து, விசாரணையின்றி அடைபட்டிருந்தமை 1979 இல் உசைனாரா காத்தூன் வழக்கில் வெளிப்பட்டது. விரைவான விசாரணை வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. ஆயினும் நோய் தீர்ந்தபாடில்லை.

பணமுள்ளவன் ஜாமீனில் வீடு திரும்புகிறான். பிணை நிற்க ஆளில்லாத கூலித் தொழிலாளியோ, ஜாமீன் கிடைத்தும் உள்ளேயே கிடக்கிறான். வெளியே அவன் மனைவி வட்டிக்கு வாங்குகிறாள். மகனின் படிப்பு நிற்கிறது. இவர்களுக்குத் தண்டனை விதித்தது எந்த நீதிமன்றம்?

2024 ஜூலையில் நடப்புக்கு வந்த சட்டப்படி, முன்பு தண்டனை பெறாதவர், உச்ச தண்டனையில் மூன்றிலொரு பங்குக் காலத்தைச் சிறையில் கழித்திருந்தால், கொடுங்குற்றம் முதலிய சில வழக்குகள் நீங்கலாக, ஜாமீனில் விடப்படவேண்டும். கைதிக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். நம் பங்கில் இத்தகைய குடும்பம் இருப்பின், அவ்வலுவலகம் வரை உடன்செல்ல ஒருவர் முன்வரலாகாதா?