இருந்தும் அகப்படாத கோப்புகள்

மும்பையில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் மூன்று நான்கு தலைமுறைகளாக வேரூன்றிவிட்ட தமிழர்கள் நடத்திவரும் சபைகளும் பஜனை சமாஜங்களும் கோயில் கமிட்டிகளும், அவற்றுக்கு அழைப்பிதழும் ஆண்டறிக்கையும் தயாரித்துக் கொடுக்கும் சிறிய டிடிபி கடைகளும், தங்கள் தமிழ் எழுத்து வேலையைக் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்றிக்கொண்டு வெகுகாலம் ஆகிவிட்டது. ஆண்டுவிழா மலர், நன்கொடையாளர் பட்டியல், கும்பாபிஷேகப் பத்திரிகை, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எல்லாம் வன்தட்டில் சேமமாக இருக்கின்றன. ஆயினும், பழைய மலர் ஒன்றில் இடம்பெற்ற ஒரு பெரியவரின் பெயரைத் தேடவேண்டிய அவசியம் நேர்ந்து, கணினியின் தேடுகட்டத்தில் அந்தப் பெயரைத் தட்டெழுதினால், கோப்பு உள்ளே இருந்துகொண்டிருக்கும்போதே, அப்படி ஒன்றும் இல்லை என்னும் பதில் வந்துவிடுகிறது. அந்தப் பதிலை நம்பிப் பழைய கணினியைப் பங்கார் எனப்படும் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டால், ஒரு சமூகத்தின் சரித்திரத்தில் சில ஏடுகள் என்றென்றைக்கும் போய்விடும். ஆகவே கணினி எப்படித் தேடுகிறது என்பதைச் சற்று விரிவாகவே தெரிந்துகொள்வது நல்லது.

ஆதியில் தேடல் என்னும் பிரச்சினையே எழவில்லை. இதே நகரத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், ஆர். நரசிம்மனின் தலைமையில் உருவாகி 1960-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணினியின் நினைவகத்தில் 2,048 அறைகளே இருந்தன. எந்த அறையில் எதை வைத்தோம் என்பதை அதை இயக்கியவர்களே எண்ணிட்டு எழுதிவைத்துக்கொள்ள முடிந்தது. இன்றைய வன்தட்டிலோ லட்சக்கணக்கான கோப்புகள் கிடக்கின்றன. ஒவ்வொரு கேள்விக்கும் அவை அனைத்தையும் திறந்து வாசிப்பதென்றால் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். அதனால் கணினி முன்கூட்டியே ஓர் அட்டவணை தயாரித்துக்கொள்கிறது. கனமான சாஸ்திர நூலின் கடைசியில் ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகரவரிசையில் அடைவு கொடுத்திருப்பார்கள் அல்லவா, அதைப் போன்றதே இதுவும். மேக்கிண்டாஷ் கணினியில் 2005-இல் வந்த ஸ்பாட்லைட்டும், 2007-இல் விஸ்டாவோடு பரவலாகி இன்றுவரை விண்டோஸில் இருந்துவரும் தேடல் வசதியும் இந்த முறையையே கையாளுகின்றன. நாம் தேடும்போது கணினி கோப்புகளைப் பார்ப்பதில்லை; தான் என்றோ எழுதிவைத்த அட்டவணையைத்தான் பார்க்கிறது.

இதிலிருந்தே குறைகளில் ஒரு பகுதி புலனாகிவிடும். விண்டோஸ் சாமானியமாக அட்டவணையில் சேர்ப்பது உபயோகிப்பவரின் ஆவணங்கள், படங்கள், மேசைத்திரை முதலிய சில கோப்புறைகளை மட்டுமே; டிடிபி கடைக்காரர்கள் வேலைகளைச் சேமித்துவைக்கும் ‘டி’ பிரிவும், வெளியிலிருந்து சொருகும் வன்தட்டும் அதில் அடங்கா. அடங்காத இடங்களில் கோப்பின் பெயரை மட்டும் மெதுவாகத் தேடிப்பார்க்குமே ஒழிய, உள்ளே எழுதியிருப்பதை, நாம் அமைப்பை மாற்றிச் சொன்னாலன்றி, வாசிக்காது. தவிர, அட்டவணை எழுதும் வேலை திரைமறைவில் நடப்பது. நாம் வேலை செய்யும்போதும் பாட்டரி குறையும்போதும் தயங்கி நிற்கும். நடுவில் பழுதுபட்டால், அழித்துப் புதிதாக எழுதச் சொல்லவேண்டும்.

தமிழுக்கு நேர்ந்த சங்கடம் இதனினும் ஆழமானது. கணினி எழுத்தின் உருவத்தை அறியாது. ஒவ்வோர் எழுத்துக்கும் கொடுத்திருக்கும் எண்ணை மட்டுமே அறியும். தமிழுக்கென்று உலகப் பொதுவான எண்கள் யூனிகோடில் 1991-லேயே ஏற்பட்டபோதிலும், விண்டோஸ் 2000 என்னும் பதிப்பில் லதா என்ற எழுத்துருவோடு தமிழ் இடம்பெறும்வரை அவை சாமானியர் கைக்கு எட்டவில்லை; எட்டிய பிறகும் அச்சுவேலைக்கான மென்பொருள்கள் நெடுநாள் அவற்றை ஏற்கவில்லை. அதுவரையில் ஆங்கில எழுத்துக்களுக்குரிய எண்களின்மீது தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்களே புழங்கின. அவற்றுள் மிகப் பிரசித்தமான பாமினியில் ‘தமிழ்’ என்று நாம் கண்ணால் காணும் சொல், கணினிக்கு ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே. மெய்யெழுத்தின் புள்ளிக்கு அங்கே அரைப்புள்ளியின் இடம் கொடுத்திருப்பதால், அட்டவணை எழுதும் நிரல் அதை வாக்கியக் குறியென்று எண்ணி, ‘சங்கம்’ என்னும் சொல்லை நடுவில் வெட்டி இரண்டு ஆங்கிலத் துண்டுகளாகப் பதிந்துகொள்ளும். சங்கத்தை யூனிகோடில் தேடுகிறவருக்கு அது எப்படி அகப்படும்? 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியீடுகளை ஏற்றதும், 2010-இல் யூனிகோடையே தரமாக அறிவித்ததும் நல்ல முயற்சிகளே. ஆனால் அதற்கு முன்னமே எழுதி முடித்த கோப்புகள் தாமாக மாறிவிடுமா?

யூனிகோடிலும் எச்சரிக்கை வேண்டும். ‘ஸ்ரீ’ என்னும் மங்கல எழுத்தைப் பல மென்பொருள்கள் ஸகரத்தைக் கொண்டு ஆக்குகின்றன. 2005-இல் யூனிகோடில் ஶகரம் சேர்ந்தபின் அதைக் கொண்டும் ஆக்கலாயின. திரையில் இரண்டும் ஒன்றே. எண்களில் வேறு வேறு. கோயில்களும் மடங்களும் நிறைந்த மாட்டுங்காவின் கோப்புகளில் எத்தனை பெயர்கள் இந்த எழுத்தில் தொடங்குகின்றன என்பதை யோசித்தால் இது அற்ப விஷயமன்று என்பது விளங்கும். இரண்டு வடிவத்திலும் ஒருமுறை தேடிப் பார்க்கவேண்டும். அல்லது அந்த எழுத்தை விட்டு, அடுத்துவரும் சொல்லைத் தேடவேண்டும்.

நம் மொழியின் இயல்பும் ஒரு காரணம். ‘கூட்டம்’ என்று தேடினால் ‘கூட்டத்தில்’ என்பது வராது, ஏனெனில் வேற்றுமை உருபு ஏறும்போது மகரம் கெட்டு அத்துச்சாரியை தோன்றிவிடுகிறது. ‘கூட்ட’ என்பதோடு நிறுத்திக்கொண்டால் இரண்டும் வரும். விண்டோஸ் சொல்லின் தொடக்கத்தையே ஒப்பிடுவதால், ‘ஆண்டுவிழா’ என்று சேர்த்து எழுதியது ‘விழா’ என்று தேடுகிறவருக்குச் சாதாரணமாகக் கிடைக்காது. கோப்பின் பெயராக இருந்தால் எவ்ரிதிங் என்னும் இலவச மென்பொருள், வன்தட்டு தானே வைத்திருக்கும் பெயர்ப்பதிவேட்டை வாசித்து, பெயரின் நடுவில் உள்ளதையும் நொடியில் காட்டிவிடும்.

பழைய எழுத்துருக் கோப்புகளுக்கோ மாற்றுவதைத் தவிர மார்க்கம் இல்லை. சென்னை நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் பாமினி, டாப், டாம் ஆகியவற்றிலும் டிஸ்கி என்னும் மற்றொரு குறியீட்டிலும் உள்ளதை யூனிகோடாக்கித் தருகின்றன. மூலக்கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு நகலை மாற்றுவது உத்தமம். எந்த எழுத்துருவில் எழுதியது என்பதையும் ஒரு குறிப்பாகப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும், ஏனெனில் பல தனியார் எழுத்துருக்கள் தத்தமக்கென்று வேறு வரிசையைக் கொண்டிருந்தன, அதை அறிந்த டிடிபி தொழிலாளர்களோ ஒவ்வொருவராக ஓய்வுபெற்று வருகிறார்கள்.