பிள்ளைகளும் தொழில் தேர்வும்

க. பொ. த. சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்த மாணவருக்குப் பெறுபேறு கைக்கு வருமுன் சில மாதங்கள் ஓய்வாகக் கிடைக்கின்றன. பதினாறு வயதளவில் வரும் இந்த இடைக்காலம் வாழ்வில் இரண்டாம் முறை வருவதன்று. இதன் முடிவில் உயர்தர வகுப்பிலே கலையா, வர்த்தகமா, உயிரியலா, கணிதமா, 2013ஆம் ஆண்டில் புதிதாகச் சேர்க்கப்பட்ட தொழினுட்பமா என ஒன்றைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். தெரிந்தெடுத்தபின் மாறுவது எளிதன்று. இத்துணைப் பெரிய முடிவுக்குப் பிள்ளையை நாம் எவ்வாறு ஆயத்தஞ் செய்கின்றோம்? பரீட்சை முடிந்த மறு வாரமே உயர்தரத் தனியார் வகுப்பொன்றிற்கு அனுப்பிவிடுகின்றோம். எந்தப் பிரிவு என்பதைப் பெற்றோர் முன்னரே நிச்சயித்திருப்பர்.

நான் பல்லாண்டுகள் ஆசிரியனாக இருந்தவன். என்னிடம் படித்த மாணவன் ஒருவன் அந்த ஓய்வு மாதங்களில், தன் தந்தையாரின் வெங்காயத் தோட்டத்துக்கு நீரிறைக்கும் இயந்திரம் பழுதானபோது, அதைச் சந்தியிலிருந்த பட்டறைக்குக் கொண்டுசென்றான். பின்னர் நாள்தோறும் அங்கேயே போய் இருந்தான். இரண்டு மாதத்துள் பட்டறைக்காரர் இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டும் வேலையை அவனிடமே விடலாயினர். பெறுபேறும் நன்றாகவே வந்தது. "இந்தப் பெறுபேற்றை வைத்துக்கொண்டு பட்டறைக்கா போவது?" என்று உறவினர் கேட்டனர். உயிரியற் பிரிவில் சேரும்படி ஆலோசனை கூறியவர்களுள் நானும் ஒருவன். மூன்று முறை உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினான், மருத்துவபீடம் கிடைக்கவில்லை. பின்பு தொழினுட்பக் கல்லூரியிற் சேர்ந்து, தன்னிலும் இளையவர்களோடு முதலாம் பாடத்திலிருந்து தொடங்கினான். இன்று நன்றாக இருக்கின்றான். இழந்த ஆண்டுகளைப்பற்றி என்னிடம் ஒருநாளும் குறை கூறியதில்லை. அதுவே எனக்குச் சுமையாக இருக்கின்றது.

இதற்காக நம் முன்னோரைப் பழிப்பது நியாயமாகாது. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்ற பழமொழி யாழ்ப்பாணத்தில் வெறுமனே எழவில்லை. ஆறில்லாத நிலம், கிணற்று நீரை நம்பிய தோட்டம், தலைமுறைதோறும் துண்டுபட்டுச் சிறுத்த காணி. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் ஆங்கிலங் கற்ற இளைஞர் கொழும்புக் கந்தோர்களுக்கு எழுதுவினைஞராகவும், மலாயாவின் புகையிரதப் பகுதிக்கு உத்தியோகத்தராகவும் சென்றமையாற் பல குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் மழையை எதிர்பார்ப்பனவல்ல. ஆகவே, எந்த உத்தியோகம் நிலையானது என்ற ஒரே கேள்வியே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. அக்கேள்வி இன்றும் கேட்கத்தக்கதே. அதனோடு நின்றுவிடுவதுதான் பிழை.

அதனோடு சேர்த்துக் கேட்கவேண்டியவற்றை ஒருவர் நூறாண்டுகளுக்கு முன்னரே ஒழுங்குபடுத்திக் கூறியிருக்கின்றார். 1908ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே பிராங்க் பார்சன்ஸ் என்பவர், வேலை தேடும் இளைஞருக்கு வழிகாட்டுதற்கென ஒரு பணியகத்தைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே அவர் காலமாகிவிட, அவர் எழுதிய நூல் 1909இல் வெளிவந்தது. தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்து நிதானமாக முடிவு செய்தல் என்பனவே அவர் காட்டிய வழி. பின்னாளில், 1959இல், ஜோன் ஹொலண்ட் என்னும் உளவியலாளர் மனிதரின் நாட்டங்களையும் தொழிற் சூழல்களையும் ஆறு வகையாகப் பிரித்து ஒரு கொள்கையை வெளியிட்டார். கருவிகளோடு பழகுதல், ஆராய்தல், கலை படைத்தல், பிறருக்கு உதவுதல், முன்னின்று நடத்துதல், ஒழுங்குபடப் பதிந்து பேணுதல் என அவற்றைத் தமிழிற் கூறலாம். இவ்வகைப்பாட்டைக் கொண்ட வினாத்தாள்கள் பல நாடுகளிற் பயன்படுகின்றன. அவை பயனுள்ளவையே. ஆயினும் ஒரு தொழிலை அருகிருந்து பாராத பிள்ளை, திரைப்படத்திற் கண்டதை வைத்தே அவற்றுக்கு விடையெழுதும்.

விருப்பத்துக்கும் மோகத்துக்கும் வேறுபாடு இங்கேதான் தெரியவரும். பட்டிமன்றத்தில் நன்றாகப் பேசும் மாணவியொருத்தி சட்டத்தரணியாக விரும்புகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். நீதிமன்றில் எழுந்து பேசும் நேரம் சட்டத்தரணியின் நாளில் ஒரு சிறு பகுதியே. பழைய காணி உறுதிகளை வரிவரியாக வாசித்தல், எல்லைகளை ஒப்புநோக்கல், தவணை தள்ளிப்போகக் காத்திருத்தல் என்பனவே மிகுதி. அவள் ஒரு வாரம் நொத்தாரிசு ஒருவரின் அலுவலகத்தில் இருந்து உறுதிகளைப் பார்க்கட்டும். அவ்வேலை அலுப்பாக இருந்தும் அவளுக்குக் கசக்கவில்லையானால் அத்தொழில் அவளுக்கு உரியது. எத்தொழிலுக்கும் இத்தகைய அலுப்பான பக்கம் உண்டு. தாதிக்கு இரவுக் கடமை. கணக்காளருக்கு ஒரு ரூபா வித்தியாசத்தைத் தேடும் மாலைப்பொழுது. மேசனுக்கு மட்டம் பார்த்தல். ஒளி பொருந்திய பக்கத்தை எவரும் விரும்புவர்; மற்றப் பக்கத்தையும் பொறுக்க முடிகின்றதா என்பதே சோதனை.

திறமையை அறிவதற்கும் பரீட்சைப் புள்ளி ஒன்றே அளவுகோலன்று. பிறர் நம்மிடம் மீண்டும் மீண்டும் நாடிவரும் வேலை எதுவோ, அதிலே நமக்குத் திறமை உண்டு. வகுப்பிற் சண்டை வந்தால் எல்லாரும் ஒரு பிள்ளையிடமே போவார்கள். விழாக் கணக்கை எழுத இன்னொரு பிள்ளையைத் தேடுவார்கள். ஆசிரியர் இதனைக் கவனித்துப் பெற்றோருக்குச் சொல்லுதல் வேண்டும். நான் அன்று அந்தப் பட்டறைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கைத்தொழிலிற் சேர்ந்தால் படிப்பு அங்கேயே முடிந்துவிடும் என்ற அச்சத்துக்கும் இன்று இடமில்லை. தேசிய தொழிற்றகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. நான்காம் மட்டம்வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். தொழிற்பயிற்சி நிலையத்தில் தொடங்கியவர், தகுதி பெற்றால், இரத்மலானையிலுள்ள தொழினுட்பவியற் பல்கலைக்கழகம்வரை செல்லலாம். கிளிநொச்சியில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தையும் வடபகுதிப் பெற்றோர் பிள்ளைகளோடு ஒருமுறை சென்று பார்ப்பது நன்று.

ஓய்வு மாதங்களுள் ஆறு வாரத்தையேனும் தனியார் வகுப்பினின்றும் மீட்டு, மூன்று இடங்களில் இவ்விரண்டு வாரமாகப் பிள்ளையை இருக்கவிடலாம். கூட்டுறவுச் சங்கம், மருந்தகம், அச்சகம், பட்டறை, முன்பள்ளி எதுவாயினும் ஆகுக. ஒன்றேனும் குடும்பத்தில் எவரும் செய்திராத தொழிலாக இருத்தல் நலம். அனுமதி கேட்கப் பெற்றோரே நேரிற் செல்லவேண்டும். சிறுவர் தனித்துப் போய்க் கேட்டாற் பலர் மறுத்துவிடுவர். அன்றன்று செய்த வேலை யாது, நேரம் போனது தெரியாதிருந்தது எப்போது, கடிகாரத்தைப் பார்த்தது எப்போது என மூன்று வரி எழுத ஒரு குறிப்பேடு போதும். பெறுபேறு வரும் நாள்வரை அது பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும். பெற்றோர் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டியதில்லை.